கபன் துணிக்குக் கண் வரைந்து பிஸ்கட் சுடுகிறோம்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். பாதியில் நிறுத்தி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறு குழுக்களில் போடுவதென்றால் தயவுசெய்து வாசிக்கவே வேண்டாம். இதை எழுதுவது ஒரு கை என்றாலும், எமது ஸ்டாஃப் ரூமில் நான்கைந்து பேர் இரண்டு நாள் பேசிய பிறகுதான் எழுதுகிறோம். அதனால்தான் 'நாம்'.

சென்ற வாரம் வெள்ளவத்தையில் இருந்து ஓர் உம்மா எமக்கு வட்ஸ்அப்பில் ஒரு குறிப்பை அனுப்பியிருந்தார். அவரது மகள் சர்வதேசப் பாடசாலை ஒன்றில் மூன்றாம் வகுப்பு. பாடசாலையின் பெயர் இங்கே தேவையில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பிவிடும். வகுப்புக் குழுவில் வந்த குறிப்பு இது: ஒக்டோபர் 31, வெள்ளிக்கிழமை, 'ஒட்டம் பார்ட்டி'. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் செய்த 12 குக்கீஸ் கொண்டுவர வேண்டும். பேய், மண்டையோடு, கல்லறை, சிலந்தி, பூசணிக்காய், இந்த வடிவங்களில் ஏதாவது ஒன்று. சிறந்த மூன்றுக்குப் பரிசு. பயமுறுத்தும் வேடம் கட்டாயம். நேரம் பகல் 12 மணி.

வெள்ளிக்கிழமை பகல் 12 மணி. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறோம்.

"என்ன டீச்சர் செய்ற? புள்ள பேய் பிஸ்கட் இல்லாட்டி போக மாட்டேன்னு அழுவுது" என்று கேட்டார் அந்த உம்மா. அன்று அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பதிவைத்தான் பதிலாக எழுதுகிறோம்.

முதலில் 'ஒட்டம்' என்பதை முடித்துவிடுவோம். இலையுதிர் காலம். கொழும்பில். எமக்குத் தெரிந்து இந்த நகரத்தில் இலை சிவந்து விழுவது கொட்டம்பா மரம்தான், அதுவும் ஒக்டோபர் பார்த்து விழுவதில்லை. ஒக்டோபரில் இங்கே வருவது இரண்டு பருவ மழைகளுக்கும் இடைப்பட்ட காலம். பின்னேரம் இரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வரும், இடி இடிக்கும், காலி வீதியின் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் தண்ணீர் ஏறும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதிலேயே ஒரு தவணைக்குரிய பாடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வராத குளிருக்கு விழா எடுக்கிறோம். ஹெலோவீன் என்று எழுதினால் பெற்றோர் கேள்வி கேட்பார்கள் என்று பயந்துதான் ஒட்டம் என்று எழுதியிருக்கிறார்கள் என்பது எமது ஊகம். ஊகம் பிழை என்றால் மன்னிப்புக் கேட்கிறோம்.

இனி அந்த 12 குக்கீஸ். இதைக் குறிப்பாக எழுதியவர் கொழும்பில் பட்டர் குக்கீஸ் சுட்டுப் பார்த்தவர் அல்ல. பேயின் கை, மண்டையோட்டின் பல் எல்லாம் ஒழுங்காக நிற்க வேண்டுமென்றால் மாவைப் பிசைந்து பிரிட்ஜில் வைத்து இறுக்கி எடுக்க வேண்டும். எமது வீடுகளின் சூட்டில் உருட்டி வெட்டி முடிப்பதற்குள் பட்டர் இளகிவிடும். ஒவனுக்குள் போன பேய் வெளியே வரும்போது இடியப்பத் தட்டு மாதிரித்தான் வரும். அதற்கு மேல் ஐசிங். முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் அடித்துப் பூசுவது. காய்ந்த காற்றில் ஓர் இரவில் கல்லாகிவிடும். ஒக்டோபர் மழையில் அது காயாது, பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். வெள்ளைப் பேய்க்குக் கறுப்புக் கண் வைத்தால் விடியும்போது கறுப்பு வழிந்து பேயே அழுத மாதிரி இருக்கும். கறுப்பு நிறமும் லேசில் வராது. கொக்கோ போட்டுக் கபில நிறமாக்கி, அதன்மேல் கலர் சேர்த்து, ஓர் இரவு வைத்தால்தான் கறுக்கும். சிலர் சுலபம் என்று மாஷ்மெலோவை வைத்துப் பேய் செய்கிறார்கள். அதில் இருக்கும் ஜெலட்டின் எந்த மிருகத்தினுடையது என்று பெட்டியைத் திருப்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

அந்த உம்மா பட்டர், ஐசிங் சீனி, கலர், வெட்டும் அச்சு, வேடம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 3,000 ரூபாயைத் தாண்டியது. 2022 இல் காஸ் சிலிண்டருக்கு இரவிரவாக வரிசையில் நின்ற வீடு அது. பால்மா இல்லாமல் வெறுந் தேநீர் குடித்த நாடு இது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள், நாம் மறந்துவிட்டோமா? அந்தக் கடன்களை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள், பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்கு முன் கூனிப்போகக் கூடாதென்று கல்லறை பிஸ்கட்டுக்குப் பணம் தேடுகின்றன. சர்வதேசப் பாடசாலைக்கு அனுப்புபவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்று சொல்லாதீர்கள். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுபவர்கள் எமக்குத் தெரியும்.

'வீட்டில் செய்தது' என்று குறிப்பில் இருந்தாலும் யாரும் வீட்டில் செய்யப் போவதில்லை. ஓடர் கொடுப்பார்கள். இங்கேதான் நாம் எழுத வந்த விடயமே இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் ஒரு தாத்தா வீட்டில் கேக் செய்து விற்கிறார். கணவர் மௌத்தாகி சில வருடங்கள், மூன்று பிள்ளைகள். 2020 முடக்கத்தில் தொடங்கிய தொழில். அந்தக் காலத்தில் எமது பெண்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் தொடங்கினார்கள், ஒரு மேசை ஒவனையும் ஒரு பீட்டரையும் நம்பி. இந்தப் பாடசாலை வகுப்புகளின் தாய்மார் சேர்ந்து அவரிடம் 180 குக்கீஸ் ஓடர் கொடுத்தார்கள். அவர் மாதிரிக்கு ஒரு தட்டுச் செய்து படத்தைத் தனது பக்கத்தில் போட்டார். யாரோ ஒருவர் அந்தப் படத்தை எடுத்து, கூடவே ஒரு குரல் பதிவையும் வைத்து அனுப்பினார். "பேய்க்குப் பிஸ்கட் சுடுற காசு ஹலாலா?" என்று தொடங்கும் அந்தப் பதிவு உங்களில் பலருக்கு வந்திருக்கும். எமக்கே ஐந்து குழுக்களில் வந்தது. இரண்டு நாளில் ஒரு வலீமா கேக் ஓடர் ரத்தானது. அவர் தாய்மாரின் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பக்கத்தை மூடிவிட்டார்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரிடமும், அதைப் பகிர்ந்தவர்களிடமும் நாம் கேட்கிறோம். அந்தக் குறிப்பை அனுப்பியது யார்? பாடசாலை. அதற்குப் பணம் கட்டுவது யார்? எமது வாப்பாமார். வடிவத்தைத் தீர்மானித்தது யார்? வகுப்பு ஆசிரியையும் நிர்வாகமும். அந்தப் பாடசாலையின் வாசலுக்குப் போய் 'இது எதற்கு?' என்று உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? ஒருவரும் இல்லை. அங்கே போனால் பிள்ளையின் இடத்துக்குப் பாதிப்பு வந்துவிடும். ஆகவே அதிபருக்கு முன்னால் பணிவு, ஒவனுக்கு முன்னால் நிற்கும் பெண்ணிடம் வீரம். மாற்று மதத்தாரின் வழக்கத்தைப் பின்பற்றுவது பற்றிய ஹதீஸ் எமக்கும் தெரியும், அதன் பாரமும் தெரியும். ஆனால் அதே குழுக்களில் டிசம்பர் 31 இரவு ஹோட்டல் புபே படங்களைப் போட்டவர்கள் யார் என்றும் எமக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கயிறு ஓதிக் கட்ட ஆள் தேடுபவர்களையும் தெரியும். அவர்களுக்கு எந்தக் குரல் பதிவும் வருவதில்லை.

'அப்படியென்றால் அந்த ஓடரை எடுத்தது சரி என்கிறீர்களா?' இந்தக் கேள்வி வரும். இல்லை. சரி என்று சொல்லவில்லை. நாம் பத்வா கொடுக்க வரவில்லை, பாடம் படிப்பிப்பவர்கள். மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேளுங்கள், குரல் பதிவுகளிடம் கேட்க வேண்டாம். ஆனால் அந்தத் தட்டின் படத்தைப் பார்த்தபோது எமக்கும் வயிற்றைப் பிசைந்தது. பூசணிக்காயைப் பார்த்து அல்ல. பூசணிக்காய் ஒரு மரக்கறி. சிலந்தியும் வௌவாலும் அல்லாஹ் படைத்த உயிர்கள், அவற்றைப் பார்த்துப் பயப்பட வைப்பதே பிழை என்பது விஞ்ஞானம் படிப்பிக்கும் எமது சக ஆசிரியையின் கோபம். எம்மைத் தடுத்து நிறுத்தியது அந்த வெள்ளைப் பேய். தலை முதல் கால்வரை வெள்ளைத் துணி, அதில் இரண்டு கண், ஒரு சிரிப்பு.

அது என்ன துணி என்று யோசித்தீர்களா?

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஏழைகளைப் பெட்டி இல்லாமல் துணியில் சுற்றித்தான் அடக்கினார்கள். செத்தவர் எழும்பி வருவதாகக் கதை சொல்லும்போது அந்தத் துணியோடு வருவதாகச் சொன்னார்கள். படங்களில் வரும் வெள்ளைத் துணிப் பேய் அங்கிருந்து வந்ததுதான். அவர்கள் பிறகு பெட்டிக்கு மாறிவிட்டார்கள், கோட் சூட் போட்டு அடக்குகிறார்கள். துணி அவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. நாம் மாறவில்லை. ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. எமது உம்மாவையும் வாப்பாவையும் அப்படித்தான் அனுப்பினோம், எம்மையும் அப்படித்தான் அனுப்புவார்கள். அமெரிக்கப் பிள்ளைக்கு அந்த வெள்ளைத் துணி ஒரு கார்ட்டூன். எமது பிள்ளைக்கு அது கபன்.

அந்தத் துணிக்காக இந்த நகரத்தில் என்ன நடந்தது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாது. பெரியவர்களுக்குமா மறந்துவிட்டது? 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது, கொவிட்டில் மௌத்தாகும் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு குழந்தையை, பெற்றோர் சம்மதிக்காமலே, பொரளையில் எரித்தார்கள். அதன் பிறகு என்ன நடந்தது என்பதை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஆட்கள் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மாத்திரமல்ல, சிங்களவர்கள், தமிழர்கள், பாதிரிமார், எல்லோரும் வந்து கட்டினார்கள். கட்டியதை இரவோடிரவாக அவிழ்த்து எறிந்தார்கள், ஆட்கள் திரும்பவும் கட்டினார்கள். அந்தச் சின்னத் துணித் துண்டு அப்போது எமக்கு என்னவாக இருந்தது? 2021 பெப்ரவரி 25 ஆம் திகதி அடக்க அனுமதி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கத் தொடங்கும்வரை, ஒவ்வொரு ஜனாஸாவுக்கும் நாம் செத்துச் செத்துப் பிழைத்தோம். அந்த மண்ணில் முஸ்லிம்களோடு ஏனைய மதத்தவர்களும் அடங்கியிருக்கிறார்கள். 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

எமது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். ஊரோ வயதோ சொல்ல மாட்டோம். அவனுடைய உம்மும்மாவை எரித்தார்கள். பாடசாலை மீண்டும் திறந்து ஒரு மாதம் கழித்து, கணக்குப் பாடத்தின் நடுவில் வந்து, "டீச்சர், எங்கட உம்மும்மாவுக்கு கபன் போட்டாங்களா, இல்லாட்டி சும்மாவா?" என்று கேட்டான். எமக்குப் பதில் தெரியாது. இன்றும் தெரியாது. அந்த மாதிரிப் பிள்ளைகள் இந்த நகரத்தின் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்தக் குறிப்பை எழுதியவர் விசாரித்தாரா? அவன் தங்கச்சியின் கையில் 12 கபன் பிஸ்கட்டைக் கொடுத்து 'ஸ்பூக்கி' என்று சிரிக்கச் சொல்வீர்களா?

கல்லறை பிஸ்கட்டுக்கு வருவோம். மேலே ஆர்.ஐ.பி. என்று ஐசிங்கில் எழுதியது. கொட்டாஞ்சேனையிலே சுடப்பட்டது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் அந்தத் தாத்தாவின் வீட்டில் இருந்து நடந்து போகும் தூரம். 2019 ஏப்ரல் 21 காலையில் அங்கே என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அன்று நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், செய்தவர்கள் எமது பெயர்களைச் சுமந்தவர்கள். அந்த வெட்கத்தை நாம் இன்னும் இறக்கி வைக்கவில்லை. அதன் பிறகு எமது கடைகளில் வாங்காதே என்றார்கள், பிள்ளைகளின் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள், ஆசிரியைகளை வாசலில் நிறுத்தி உடையைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்றார்கள். ஆனாலும் அந்த ஒழுங்கைகளில் பிள்ளையைப் பறிகொடுத்த கத்தோலிக்கத் தாய்மார் எமது பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள், நத்தாருக்கு லவ் கேக் கொடுத்தனுப்புகிறார்கள், பெருநாளைக்கு வட்டலப்பத்துக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒக்டோபர் 31 க்கு அடுத்த நாள் அவர்களுக்கு சகல புனிதர்களின் திருநாள், நவம்பர் 2 இறந்தவர்களின் நாள். பூவும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு மாதம்பிட்டிக்கும் பொரளைக்கும் போய்க் கல்லறையைக் கழுவித் துடைத்து, விளக்கேற்றிவிட்டு வருவார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் அதே கல்லறையைச் சீனியால் செய்து கடித்துத் தின்னப் போகிறோம். சென்ற வருடம் இன்னொரு பாடசாலையில் கன்னியாஸ்திரிப் பேய் வேடத்துக்கு முதல் பரிசு கொடுத்தார்களாம். ஏதோ சினிமாவில் வருவதாம். ஒரு முஸ்லிம் பிள்ளைதான் அந்த வேடம் போட்டது. தனது மக்கானியையும் தலைமறைப்பையும் யாராவது கேலி செய்தால் நியாயமாகவே கொதித்துப்போகும் சமூகம், அடுத்தவரின் சிஸ்டருக்குப் பேய் முகம் பூசிப் படம் எடுத்துப் போட்டது.

ஹெலோவீன் கத்தோலிக்கர்களுடையதுதானே என்று சிலர் கேட்பார்கள். பெயர் அவர்களுடையது, அது சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு. அதற்கும் முன்னால் அயர்லாந்துப் பக்கம் குளிர்காலம் தொடங்குவதற்கு ஒரு விழா இருந்தது. மத்திய காலத்தில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இறந்தவர்களின் நாளில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர் வாசனைத் திரவியம் போட்ட சின்ன வட்டக் கேக் ஒன்றைக் கொடுப்பார்கள். 'சோல் கேக்' என்று அதற்குப் பெயர். வாங்கியவர்கள் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்வார்கள். வாசித்தபோது எமக்கு ஆச்சரியமாக இருந்தது. எமது வீடுகளில் மௌத்துக்குப் பிறகு ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்து துஆ கேட்பதில்லையா? அதன் சட்டம் பற்றி எமக்குள் இருக்கும் தர்க்கத்தை இங்கே இழுக்க வேண்டாம். பசித்தவனுக்குக் கொடுப்பது எல்லோருக்கும் விளங்கும். ஐரிஷ்காரர்கள் பஞ்சத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது இந்த வழக்கமும் ஏறியது. டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அங்கே பெரிய பூசணிக்காயைக் கண்டார்கள். பிறகு மிட்டாய்க் கம்பனிகளும் சினிமாவும் கையில் எடுத்தன. பிரார்த்தனையும் ஏழையும் கழன்று விழுந்தன. பேயும் சீனியும் மிஞ்சின. எமக்கு வந்து சேர்ந்திருப்பது அந்த மிச்சம். பிறகும் அதை வாங்கி 'உலகத் தரமான கல்வி' என்று கட்டணச் சீட்டில் சேர்க்கிறோம்.

'சவூதியிலேயே கொண்டாடுகிறார்கள், நீங்கள் யார் கேட்க?' இதுவும் வரும். உண்மைதான், 2022 ஒக்டோபரில் ரியாத்தில் பேய் வேடத்தோடு ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். எமது மார்க்கத்துக்கு ரியாத் பொழுதுபோக்குப் பூங்கா என்றைக்கு ஆதாரமானது? ஒரு காலத்தில் அங்கிருந்து வந்த எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தோம், எமது உம்மும்மாமார் சேலை முக்காட்டோடு வாழ்ந்த வாழ்க்கையையே சந்தேகித்தோம். இப்போது அங்கே கூத்து என்றால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டுமா?

'பிள்ளைகளின் பயத்தைப் போக்கத்தான் இதெல்லாம், கற்பனை வளரும்.' இதை ஓர் ஆசிரியை சொன்னபோது கொஞ்சம் யோசித்தோம். பயத்தை விளையாட்டாக்கினால் பயம் போகும் என்பதில் உண்மை இருக்கிறது. இந்த நாட்டில் அதற்கு முகமூடிகள் இருக்கின்றன. அம்பலாங்கொடையில் செதுக்கும் சன்னி முகங்கள் பதினெட்டும் பதினெட்டு வியாதியின் முகங்கள். நோயாளிக்கு முன்னால் ஆடி, அவரைச் சிரிக்க வைத்து, நோயை அனுப்புவது அந்தச் சடங்கு. வெள்ளவத்தையில் கடை திறக்கும்போது நீற்றுப்பூசணிக்குள் குங்குமம் போட்டு உடைப்பார்கள். இரண்டும் எமது நம்பிக்கை அல்ல, நாம் செய்வதில்லை. ஆனால் செய்பவர்களுக்கு அதில் ஓர் அர்த்தம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. எமக்கும் எமது வழி இருக்கிறது. ஜாவத்தை மையவாடிக்கோ குப்பியாவத்தைக்கோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் நின்று கப்றாளிகளுக்கு ஸலாம் சொல்லப் பழக்குங்கள். செத்தவர்கள் எழும்பி வந்து பிள்ளையைப் பிடிக்க மாட்டார்கள், அவர்கள் பர்ஸகில் இருக்கிறார்கள், எமது துஆவுக்குப் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிள்ளை இருட்டில் பயப்படுவது குறைவு. எமது அனுபவத்தில் கண்டது இது.

இந்த நகரத்துப் பிள்ளைகளின் உண்மையான பயங்கள் பிளாஸ்டிக் சிலந்தி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 83 ஜூலையில் காலி வீதி எரிந்ததை வெள்ளவத்தைப் பாட்டிமார் இன்னும் சொல்கிறார்கள். வெள்ளை வான் சத்தம் கேட்டால் கதவைப் பூட்டிய வீடுகள் கொட்டாஞ்சேனையில் இருக்கின்றன. இரவில் கொண்டு போனவர்களைத் தேடி இன்னும் படம் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மார் இருக்கிறார்கள். இது மூன்று சமூகத்துக்கும் பொதுவான ஊர், மூன்று சமூகமும் மாறி மாறிப் பயந்த ஊர். இங்கே இரத்தக்கறைக்கு ஜாம் பூசி விளையாடுவதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிஸ்கட் சுடுவதற்கு நாம் எதிரி அல்ல. நன்றாகச் சுடுங்கள், ஆனால் பாடசாலையிலேயே, பிள்ளைகளின் கையாலேயே. சீனி ஒரு பங்கு, பட்டர் இரண்டு பங்கு, மா மூன்று பங்கு. விகிதம் படிப்பிக்க இதைவிட நல்ல பாடம் எங்கே இருக்கிறது? நிறுக்கத் தெரியும், காத்திருக்கத் தெரியும், கையைக் கழுவத் தெரியும். பட்டர் ஏன் இளகுகிறது, மழை நாளில் ஐசிங் ஏன் காயவில்லை என்று கேட்டால் விஞ்ஞானமும் வந்துவிடும். செலவு எல்லோருக்கும் ஒன்று, பரிசு இல்லை, நள்ளிரவில் உம்மாமார் கறுப்புக் கலர் கலக்கத் தேவையில்லை. சுட்டதில் பாதியைப் பக்கத்து முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தனுப்பினால் அந்தப் பழைய சோல் கேக்குக்கும் கிட்ட வந்துவிடுவோம்.

அந்த வெள்ளவத்தை உம்மாவுக்கு நாம் சொன்னது இதுதான்: நட்சத்திர அச்சில் வெட்டிச் சாதாரண பிஸ்கட் 12 கொடுத்தனுப்புங்கள், வேடம் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், ஜும்ஆ நேரத்தைப் பற்றி இன்னொரு வரி எழுதுங்கள். அவர் தனியாக எழுதப் பயப்படுகிறார். அதே வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் ஒன்பது பேர், கத்தோலிக்கப் பிள்ளைகள் நான்கு பேர் இருக்கிறார்களாம். 13 வீட்டுக் கையெழுத்தோடு ஒரு கடிதம் போனால் எந்த அதிபரும் வாசிப்பார். கடிதத்தை நாம் எழுதித் தருகிறோம், ஆங்கிலத்திலும் தமிழிலும். கையெழுத்துப் போட வாப்பாமார் வாருங்கள். குரல் பதிவு போட்ட சகோதரர் முதல் கையெழுத்தைப் போட்டால் எமக்கு மிகுந்த சந்தோஷம்.

கொட்டாஞ்சேனைத் தாத்தாவிடம் நாம் நேரில் போய்ப் பேசினோம். கபனையும் கப்றையும் செய்ய வேண்டாம் என்று சொல்ல வேண்டியதைத் தனியாக, அவரது வீட்டில், அவரது தேநீரைக் குடித்துக்கொண்டு சொன்னோம். அவர் சொன்ன பதில்: "எனக்கு அது பேயின்ட படம்னுதான் தெரியும் டீச்சர். கபன்னு யாரும் சொல்லல்ல." அவ்வளவுதான். அந்தப் பதிவைப் பகிர்ந்த ஒருவராவது அவருக்கு ஒரு கோல் எடுத்திருந்தால் முடிந்திருக்கும் கதை இது. வைத்திருப்பவர்கள் அதை இன்றே அழித்துவிடுங்கள், அனுப்பிய குழுக்களிலும் அழிக்கச் சொல்லுங்கள்.

அவருடைய பக்கம் இன்னும் மூடித்தான் இருக்கிறது. பட்டர் கேக், பிறந்த வீட்டுக்குக் கொடுக்கும் தட்டுகள், வலீமா கேக் எல்லாம் செய்கிறார், கை சுத்தம், சொன்ன நேரத்துக்குத் தருவார். ஓடர் கொடுக்க விரும்புபவர்கள் எமக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு இலக்கத்தைத் தருகிறோம். ஐசிங் வைத்தது வேண்டுமென்றால் மட்டும் இரண்டு நாள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மழை விட்டபாடில்லை, காயாது.